நிழல் பத்திரமாக இருக்கிறது

தருமபுரி மாவட்டத்தின் உயர்கல்வி வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு காலங்களாகப் பிரித்தாக வேண்டும்: எங்கள் கல்லூரி நாவல் படிப்பதற்கு முன்பு, படித்த பின்பு. ஒரு கல்லூரி நாவல் படிக்குமா என்று சந்தேகப்படாதீர்கள். தாளாளர், முதல்வர், நூலகர், வாயிற்காவலர், கேன்டீனில் பஜ்ஜி போடும் பாஞ்சாலி அக்கா உட்பட மொத்த நிறுவனமும் படித்தது. துல்லியமாகச் சொன்னால், நான் வாய்விட்டுப் படித்தேன், அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உயர்கல்வி என்பதே அதுதான் என்பதால் இதில் குறை காண இடமில்லை.

என் பெயர் அருள்குமார். தமிழ்த்துறைத் தலைவர். துறையில் வேறு ஆசிரியர் இல்லாததால் எனக்கும் துறைக்கும் இடையே இதுவரை கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

எங்கள் கல்லூரி தொப்பூர் கணவாயின் மேல்முனையில் இருக்கிறது. லாரிகள் இரண்டாம் கியரில் இருமிக்கொண்டு ஏறுவது எல்லா வகுப்பறைகளிலும் கேட்கும். நிறுவனரும் தாளாளருமான மாது ஐயா அவர்களும் லாரித் தொழிலிலிருந்து கல்விக்கு ஏறி வந்தவர்தான். அந்தத் தொழிலில் அவர் கண்டறிந்த மேலாண்மைக் கோட்பாடு ஒன்று உண்டு. ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்ததும் அவருடைய ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸைக் கையில் கொடுத்து வண்டியை அனுப்புவார். ஓட்டுநர்கள் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்தார்கள். கல்லூரி தொடங்கியபோது இந்தக் கோட்பாட்டை மாணவர்களின் சான்றிதழ்களுக்கும் விரிவுபடுத்தினார். தாளாளர் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற இரும்பு பீரோ. சேர்க்கை நாளில் ஒரிஜினல்கள் உள்ளே போகும். எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு அவர் கனிவோடு சொல்லும் பதில்: "உங்க வூட்டுல எலி கடிச்சுடும். இங்க பத்திரமா இருக்கும்."

எங்கள் வளாகத்தில் எலி இல்லை என்பதை நானும் உறுதிப்படுத்துகிறேன். கேன்டீன் சாப்பாட்டை ஒருமுறை சாப்பிட்ட எலி மறுமுறை வருவதில்லை.

இனி நாவல்.

ஒரு புதன்கிழமை 'ஆளுமை மேம்பாட்டு வகுப்பு' நடந்துகொண்டிருந்தது. உங்களால் முடியும், உங்களால் முடியும் என்று சேலத்திலிருந்து வந்த பேச்சாளர் ஒலிபெருக்கியில் முழங்கினார். மாணவர்கள் முடிந்தவரை தூங்கினார்கள். முதல்வர் முனைவர் கோகிலவாணி அவர்கள் வரிசை வரிசையாக நடந்து ஆளுமைகளைக் கண்காணித்து வந்தபோது, கடைசி வரிசையில் ஒரு மாணவி விழித்திருப்பதைக் கண்டு சந்தேகம் கொண்டார். முதலாண்டு கணிதம், அன்பரசி. வத்தல்மலையிலிருந்து வருகிறவள். மடியில் செங்கல் பருமனுக்கு ஒரு புத்தகம். கறுப்பு அட்டையில் மலைமேல் ஒரு கோட்டை, கோட்டை வாசலில் நல்ல நிலவொளியில் நிழலே விழாமல் நிற்கும் ஒரு பெண். 'இருட்கோட்டம் – இரண்டாம் பாகம்.'

என்ன புத்தகம் இது என்று முதல்வர் கேட்டார்.

"மந்திரம் சொல்லித்தர்ற யுனிவர்சிட்டியப் பத்துன கதைங்க மேடம்."

"அதுக்கு அங்கீகாரம் இருக்குதா?"

"பாதிவரைக்கும் படிச்சுட்டேன். இன்னும் அதப் பத்திச் சொல்லலைங்க மேடம்."

புத்தகம் பறிமுதல் செய்யப்பட்டது. திருப்பிப் பார்த்தால் எங்கள் நூலக முத்திரையே அதில் இருந்தது. விவகாரம் நிறுவனத்தின் மானம் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. நூலகர் சவுரியப்பன் வரவழைக்கப்பட்டார். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். விற்பனையாளர் ஒருவர் இரண்டாம் பாகங்களை மட்டும் தள்ளுபடியில் தள்ளிவிட்டுப் போனதாகவும், தாளாளரே கையெழுத்திட்டு வாங்கியதாகவும், நம் நூலகத்தில் எல்லாமே இரண்டாம் பாகம்தான் என்றும் அவர் விளக்கம் அளித்தார். எங்கள் மாணவர்கள் எதையும் பாதியிலிருந்து தொடங்கும் ஆற்றலை எங்கே பெற்றார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மேற்படி மாணவி ஏன் இந்தப் புத்தகத்தைக் கையிலெடுத்தாள் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அவளுக்கு அரசுக் கலந்தாய்வில் சேலத்தில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு வந்தவளை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். நாள்தோறும் உட்கார்ந்தாள். நூலகம் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

சான்றிதழ் தராததற்கு அசைக்க முடியாத காரணம் இருந்தது. கல்லூரியின் தரத்தை அளக்க ஒரு குழு வரப்போகிறது. முதலாண்டு கணிதத்தில் தலைகள் எண்ணி வைத்தாற்போல் இருந்தன. ஒரு தலை குறைந்தாலும் வகுப்பு கலையும், வகுப்பு கலைந்தால் துறை கலையும், துறை கலைந்தால் தரம் கலையும். ஒரு பெண் நர்ஸ் ஆவதற்காக ஒரு நிறுவனத்தின் தரத்தைப் பலிகொடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலையே 'மந்திரம், தந்திரம் மற்றும் அவை சார்ந்த நூல்கள் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. முதல்வர் தலைவர். சவுரியப்பன் உறுப்பினர். கதை என்பது தமிழ் சம்பந்தப்பட்டது என்பதால் நான் ஒருங்கிணைப்பாளர். ஆட்சேபகரமான பகுதிகளை மட்டும் படித்தால் போதும் என்று முதல்வர் கருதினார். எது ஆட்சேபகரம் என்பது முழுக்கப் படித்தால்தானே தெரியும் என்று நான் பணிவுடன் கேட்டேன். ஆளுக்கொரு முறை படிக்கலாம் என்றபோது மூவரும் புத்தகத்தின் பருமனைப் பார்த்தோம். ஒருவர் படிக்க இருவர் கேட்பதென ஒருமனதாகத் தீர்மானித்து, அந்த ஒருவர் நான் என்று இருமனதாகத் தீர்மானித்தோம்.

முதல்வர் அறைக்கு அடுத்த கூட்ட அறையில் பிற்பகல்தோறும் வாசிப்பு. தேநீர், பஜ்ஜி. முதல் நாள் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

கதை இதுதான். கருமலை ஒன்றின் உச்சியில் இருட்கோட்டம் என்ற பல்கலைக்கழகம். அங்கே சூனியம் கற்றுத்தருகிறார்கள். சேரும் நாளன்று ஒவ்வொரு மாணவரும் தன் நிழலைக் கழற்றிப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்பாக இருக்குமாம். நிழல்கள் பாதாள அறையில் கொக்கிகளில் தொங்கும். நிழல் இல்லாதவர் கோட்டை வாசலைத் தாண்ட முடியாது. இமையாள் என்ற மாணவி ஊருக்குப் போக விரும்பி நிழலைக் கேட்கிறாள். அவள் பார்க்க வேண்டியவர் பதிவாளர். அவருக்கு மூன்று நாக்குகள். ஒன்று 'ஆகட்டும்' என்னும். ஒன்று 'ஆகாது' என்னும். மூன்றாவது 'நாளைக்கு வா' என்னும். முதலிரண்டு நாக்குகளும் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும்.

இந்த இடத்தில் முதல்வர் பஜ்ஜியைக் கீழே வைத்தார். ஆட்சேபம் தெரிவிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மேலே படிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் ஆய்வுக்கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே தொடங்கியது. எங்கள் கல்லூரியில் எதுவும் அப்படித் தொடங்கியதில்லை. தாமதமாக வரும் மாணவர்களை விழுங்கிவிடும் விடுதிப் படிக்கட்டு வந்தபோது முதல்வர் தனியாகக் குறிப்பெடுத்துக்கொண்டார். தேரையை அமைச்சராக மாற்றும் செய்முறைத் தேர்வு வந்தபோது சவுரியப்பன் முதன்முறையாகச் சிரித்தார். வாசிப்பு முடியும் இடத்தில் இமையாள் எப்போதும் ஏதாவதொரு கதவுக்கு முன்னால் நின்றாள். கதவு திறக்குமா என்று அறிவதற்காகத் துறைத் தலைவர்கள் கூட்டத்தை முதல்வர் ரத்து செய்தார். பிறகு தேர்வுக் குழுக் கூட்டத்தையும் ரத்து செய்தார். ஒரு வாரம் கூட்டமே நடக்காததால் கல்லூரி அந்த வாரம் மிகச் சிறப்பாக இயங்கியது.

கேன்டீனிலிருந்து தட்டுத்தட்டாகப் பஜ்ஜி போவதைக் கேள்விப்பட்டு தாளாளர் கோபத்தோடு உள்ளே நுழைந்தார். நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். "முடிச்சுட்டுப் பேசு தமிழய்யா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அன்றைய பகுதியில் இருட்கோட்டத்தின் பேராசிரியர்களில் பாதிப்பேர் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர்கள் என்பது தெரியவருகிறது. அவர்களுக்கே அது தெரியாது. தினமும் வந்து வகுப்பெடுக்கிறார்கள்.

தாளாளர் கையைத் தூக்கினார். "செத்தவங்க சம்பளம் கேக்கறாங்களா?"

"கேட்கலைங்க ஐயா."

"அந்த எடத்த இன்னொருக்கா படி."

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சங்கீதம் கேட்பவர்போல் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் பதிவாளரின் கட்சி. அப்படி ஒரு நிர்வாகி கிடைக்கமாட்டாரா என்று ஏங்கினார். இமையாள் சுவரேறிக் குதிக்க முயன்றபோது பற்களை நறநறவென்று கடித்தார். அவளுக்கு ஒரு முதிய வௌவால் உதவியபோது, வௌவாலை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். வௌவால் ஊழியர் அல்ல, அங்கே தங்கியிருக்கிறது அவ்வளவுதான் என்று முதல்வர் தெளிவுபடுத்தினார். அப்படியானால் வாடகை வசூலிக்க வேண்டும் என்றார்.

இதற்கிடையில் வெளியே ஒரு சிறு இடைஞ்சல். அன்பரசியின் தாயார் ரங்கம்மாள் மலையிலிருந்து வந்துவிட்டார். சாமை அறுக்க வேண்டிய நேரத்தில் வேலையை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸுக்கு இறங்கி வந்து, அலுவலகத்தில் விவரம் சொன்னார். முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். உண்மைதான். தாளாளர்? அவரும் மீட்டிங். அதுவும் உண்மைதான். மறுநாள் வந்தார். மீட்டிங். எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு உண்மை தொடர்ச்சியாகப் பேசப்பட்டது அதுவே முதல் தடவை.

நிழலை இழந்த ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததால் சான்றிதழை இழந்த ஒரு பெண்ணின் தாயாரைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. இலக்கியத்தின்மேல் எங்களுக்கிருந்த ஈடுபாட்டை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

ரங்கம்மாள் கூட்ட அறையின் ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. என் குரல் மேடைக்குப் பழகிய குரல். மறுநாள் பார்த்தால் ரங்கம்மாளோடு இன்னும் இரண்டு பெண்கள். முந்தின நாள் கதையை அவர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போக, மிச்சத்தையும் கேட்டுவிடலாமென்று அவர்கள் மலையிறங்கி வந்திருக்கிறார்கள். அதற்கும் மறுநாள் வாயிற்காவலர் வாயிலைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். வெளியே மாட்டிக்கொண்ட இயற்பியல் பேராசிரியர் சுவரேறிக் குதித்து வந்து அவர் பக்கத்திலேயே நின்றார். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்கள், முழு இரண்டாமாண்டு வணிகவியல், அடுப்பை அணைத்துவிட்டு பாஞ்சாலி அக்கா. யாரோ வேகவைத்த நிலக்கடலையைச் சுற்றுக்கு விட்டார்கள். பதிவாளரின் மூன்றாவது நாக்கு பேசும்போதெல்லாம் நான் இடைவெளி விடுவேன். 'நாளைக்கு வா' என்று தாழ்வாரம் முழுக்க ஒரே குரலில் சொல்லும். உள்ளே தாளாளர் பூரித்துப்போவார். அது தனக்குக் கிடைத்த கைத்தட்டல் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் நான் ஒரு தவறு செய்தேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மிச்சத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

கடைசி அதிகாரம் நல்லபடியாக இல்லை. இமையாள் எல்லாக் கதவுகளையும் கடந்து பாதாள அறைக்குப் போய்ச் சேர்கிறாள். அவள் நிழல் கொக்கியில் இல்லை. ஒரு மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை காலம் பல்கலைக்கழகத்துக்கு உழைத்ததில் அதற்குத் துணைப் பதிவாளராகப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இமையாள் 'வா, போகலாம்' என்கிறாள். நிழல் அவளைத் தலை தூக்கிப் பார்க்கிறது. அடையாளம் தெரியவில்லை. 'நாளைக்கு வா' என்கிறது. புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது.

மாதத்தின் கடைசி வாரம் அது. வியாழக்கிழமை பிற்பகல் நான் கூட்ட அறைக்குள் போகும்போது ரங்கம்மாள் தாழ்வாரத்தில் எழுந்து நின்றார். சான்றிதழைப் பற்றிக் கேட்கப்போகிறார், முதல்வரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

"சார், இன்னிக்கு முடிஞ்சுடுமா கதெ?"

"முடிஞ்சுடுங்கம்மா."

"அந்தப் புள்ளைக்கி நெழலக் குடுத்துடுவாங்களா?"

அன்பரசி என்னைப் பார்க்கவில்லை. வாசல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் அவள் சேலத்தில் இருக்க வேண்டும். நான் பார்க்கலாம் என்றேன். எங்கள் நிறுவனத்தில் 'பார்க்கலாம்' என்பதற்கு என்ன பொருள் என்பது அந்த அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனேன். புத்தகத்தைத் திறந்தேன். இமையாள் பாதாள அறையின் படிகளில் இறங்கும்வரை அச்சில் உள்ளபடியே படித்தேன். அதற்குப் பிறகு என் கண்கள் பக்கத்தின்மேல் இருந்தன, வாய் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பாதாள அறையில் பதிவாளர் தன்னந்தனியாக நிற்கிறார் என்று படித்தேன். நாளைக்கு வா என்று சொல்ல வாயைத் திறக்கிறார், மூன்றாவது நாக்கு எழவில்லை என்று படித்தேன். அவரே சாவியை எடுத்து, அவர் கையாலேயே அந்தப் பெண்ணின் நிழலைக் கொக்கியிலிருந்து கழற்றி, அவள் காலடியில் விரிக்கிறார் என்று படித்தேன்.

தாளாளரின் முகம் சுருங்கியது. "யோவ், அவரு எதுக்குக் குடுக்கறாரு?"

ஆபத்தான இடம். பக்கத்திலிருந்த சவுரியப்பன் புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவர் நூலகர், எழுத்துக் கூட்டத் தெரிந்தவர். அச்சில் இருப்பதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்ப மறந்திருந்தேன். அவர் விரலை எச்சில் தொட்டுக்கொண்டு எனக்காகப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அதற்கு மேல் எனக்குத் தடையே இல்லை. செய்தி பரவுகிறது என்று படித்தேன். கருமலையின் அடிவாரத்து ஊர்களெல்லாம் பதிவாளரைப் புகழ்கின்றன. நம்பி அனுப்பலாம், கேட்டால் திருப்பிக் கொடுக்கிற கோட்டை இது ஒன்றுதான் என்று பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். சேர்க்கைக்கு வரிசை அடிவாரம் வரை நிற்கிறது. கோட்டை வாசலில் பதிவாளருக்குச் சிலை வைக்கிறார்கள்.

"செலயா?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க ஐயா. கருங்கல்லுல."

"எவ்ளோ ஒசரம்?"

"ஆள் உசரத்துக்கு மேலங்க ஐயா. கையில சாவியோட."

கணவாயில் ஒரு லாரி ஏறி முடிக்கும் சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் யாரும் அசையவில்லை. பிறகு தாளாளர் முதல்வரிடம் மெல்லச் சொன்னார்: "அந்த நர்ஸு புள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டு இருந்துச்சே. நாளைக்கி ஒரு பங்ஷன் போட்டு, என் கையாலயே குடுத்துடலாம்."

இப்படியாக மறுநாள் முற்பகல் 'சான்றிதழ் விடுவிப்பு விழா' நடைபெற்றது. இந்தியாவிலேயே முதல் முறை என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார்கள். அதில் தாளாளர் ஒரு கையில் சாவியோடு, மலைமேல், மேகங்களுக்கு நடுவே நின்றார். விழாவில் விடுவிக்கப்பட்ட சான்றிதழ்கள் ஒரே ஒரு மாணவிக்குரியவை. ஆனால் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை அனைத்தும் முழு அளவில் இருந்தன. வாழ்த்துரை என்னுடையது. தன்னிடம் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பவரைக் கொடை வள்ளல் என்று அழைக்கத் தமிழில் இடமுண்டு என்று நிறுவினேன்.

புகைப்படக்காரர் ஒன்று, இரண்டு என்று படமெடுத்துக்கொண்டே இருந்தார். தாளாளர் சான்றிதழ் உறையின் ஒரு முனையை விடவில்லை. அன்பரசி மறுமுனையை விடவில்லை. படத்தைப் பார்ப்பவர்களுக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல் தோன்றும். இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஓர் இமைப்பொழுது தாளாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார், பிடி தளர்ந்தது. ரங்கம்மாள் மேடையேறி மகளின் கையிலிருந்து உறையை வாங்கி, துணிப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நன்றியுரைக்கு அவர்கள் நிற்கவில்லை.

நான் பின்னாலேயே வாயில்வரை போனேன். பஸ் வருகிறதா என்று ரங்கம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பரசி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாள். பஸ் வந்து, ஏறி, படிக்கட்டில் நின்றபடி அந்த அம்மா என்னிடம் கேட்டார்:

"ஏஞ்சார், நெழல வாங்கிக்கிட்டு அந்தப் புள்ள எந்த ஊருக்குப் போனா?"

"சேலத்துக்குங்கம்மா" என்றேன்.

திருப்தியாகத் தலையாட்டினார். பஸ் கிளம்பிவிட்டது.

முதலாண்டு கணிதத்தின் தலைக்கணக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அன்பரசிதான் போனாள். அவள் பெயரை நாங்கள் விடுவிக்கவில்லை. அது இன்றுவரை தினமும் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. வகுப்பிலேயே முழு வருகை அதற்குத்தான்.

அடுத்த வாரம் முதல்வர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் நாவல் விரிந்து கிடந்தது. கடைசிப் பக்கம்.

"நான் ஒருக்கா படிச்சுப் பாக்கலாம்னு எடுத்தேன்" என்றார். "நீங்க படிச்சது ஒண்ணு, இதுல இருக்கறது ஒண்ணா இருக்குதே, அருள் சார்."

சங்க இலக்கியத்திலேயே பாட வேறுபாடுகள் உண்டு என்று தொடங்கினேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். என் வேலை அன்றோடு முடிந்தது என்று நினைத்து, வேலை முடிந்தாலும் போக முடியாது என்ற எண்ணம் வந்து, இரண்டில் எதற்குப் பயப்படுவதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். முதல்வர் நாற்காலியில் அல்ல, எனக்குப் பக்கத்து நாற்காலியில்.

"என்னோட பிஎச்.டி. ஒரிஜினல் அந்த பீரோவுலதான் இருக்குது. சேந்த அன்னிக்கு வாங்கி வெச்சாரு. போன வருஷம் கவர்மென்ட் காலேஜ் இண்டர்வியூக்குக் கூப்புட்டாங்க. ஒருநாளைக்கு மட்டும் குடுங்கன்னு கேட்டேன். நாளைக்கிப் பாக்கலாம்னாரு. ஜெராக்ஸோட போனேன், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க." நாவலை மூடி வைத்தார். "முதல் பாகத்துக்கு ஆர்டர் போட்டிருக்கேன். ஐயா உங்களத்தான் படிக்கச் சொல்லுவாரு. அதுல ஒரு முதல்வர் வர்ற மாதிரி பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியே ஒரு தமிழாசிரியரும் வந்துபோவார், அவருக்கு வேண்டியதும் அதே பீரோவில், அதே தட்டில்தான் இருக்கிறது என்றேன். முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் பணியாளர் நல்லுறவு எந்த அளவுக்கு இருக்கிறதென்றால், ஏன் சிரிக்கிறோம் என்று கேட்க உள்ளே வந்த சவுரியப்பன், காரணத்தைக் கேட்டதும் தன்னுடைய நூலக அறிவியல் பட்டத்துக்கும் ஒரு வௌவாலாவது போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

தரக்குழு வந்தது. ஐந்தாறு பெரியவர்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்கள். கட்டடத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண், ஆய்வகத்துக்குக் கொஞ்சம், கேன்டீனில் சாப்பிட்ட பிறகு அதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் தாளாளர் அறையில் உட்கார்ந்து ஆசிரியர்களின் விவரங்களைப் புரட்டிய அவர்களுக்குத் தங்கள் கண்களையே நம்ப முடியவில்லை. மற்றக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். இங்கே தொடங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லையே, இது எப்படி சாத்தியம் என்று குழுத் தலைவர் நெகிழ்ந்து கேட்டார். முதல்வர் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தாளாளர் பீரோவின்மேல் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். "எல்லாம் பற்றுங்க சார்" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர்கள் மரியாதையோடு எழுதிக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்கள். யாரை யார் பற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.